அந்தோனியாருக்கு வளர்த்த தாடி

முதல்லை உந்த வானை நிப்பாட்டச் சொல்லும் தம்பி. புகை முழுக்கக் குசினிக்குள்ளை வருது. படலையையும் அடைச்சுக்கொண்டு நிக்குது, ஆக்கள் எப்பிடிப் போய்வாறது? இரும். உதிலை கதிரை கிடக்கு. நிண்டுகொண்டு கத்தினால் இந்த யூலிற்றா பயந்திடுவாள் எண்டு நினைச்சீரோ? புருசன்ர தம்பி எண்டபடியால்தான் இவ்வளவு நேரமும் வாயை மூடிக்கொண்டிருந்தனான்.

ஓம், நாளைக்கு எனக்குக் கலியாணம். காலமை ஏழு மணிப் பூசையிலை. பக்கத்து மீன்வாடி மெல்ரொனைத்தான் கட்டுறன். ஊர் முழுக்கத் தெரியும், நீர் பிரான்ஸ் பரிசிலை இருந்து வந்து பிடிச்ச களவு ஒண்டுமில்லை.

என்ன சொன்னனீர்? உங்கட அண்ணன் றெஜியை நான் கடதாசியிலை சாகடிச்சுப்போட்டனோ? நல்லது. மரணச் சேட்டிபிக்கட் எடுத்துத்தான் கிடக்கு. அது இல்லாமல் பங்குச் சுவாமி கலியாணம் எழுத மாட்டார். காணாமல் போனவையின்ர வீட்டுச் சனம் உதைத் தொட்டும் பாக்கிறேல்லை எண்டு நீர் எனக்குப் படிப்பிக்க வேண்டாம். பதினாறு வருசம் நானும் தொடேல்லை. றெஜியின்ர படத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு, மாமாவோடை, அதுதான் உங்கட அப்பாவோடை, றோட்டுக்கரைப் போராட்டக் கொட்டில்லை வெயிலுக்கை குந்தியிருந்தது நான். நீர் சண்டை துடங்கேக்கையே பிளேன் ஏறினனீர்.

இப்ப வந்து, அப்பாவை வானிலை ஏத்தப் போறீராம். யாழ்ப்பாணத்திலை சிஸ்டர்மாரின்ர முதியோர் மடத்திலை விடப் போறீராம். நான் இனி உங்கட ஆள் இல்லையாம். இன்னொருத்தன்ர பெண்சாதியின்ர கையாலை அவர் தண்ணி குடிக்கக் கூடாதாம். ஆர் உமக்கு உதைச் சொல்லித் தந்தது? உந்தத் தேத்தண்ணி ஆறுது, குடியும். அதுவும் நான் போட்டதுதான்.

தாடிக் கதையும் வரும், பொறும். வந்த உடனை அப்பான்ர முகத்தைப் பாத்திட்டு எனக்குக் கையை ஓங்கினீரெல்லோ, அதை நான் மறக்கேல்லை.

சண்டை முடிய வட்டுவாகலிலை ஆமி றெஜியை பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போன பிறகு, எங்களுக்கு ஆர் இருந்தது எண்டு யோசிச்சுப் பாத்தனீரோ? எனக்குக் காலிலை காயம். டிலுசாவுக்கு மூண்டு வயசு. அவளைக் கழுத்திலை இருத்தி, என்னை ஒரு கையாலை இழுத்துக்கொண்டு நடந்தது மாமா. செட்டிகுளத்து முகாமிலை அரை நாள் லைனிலை நிண்டு ஒரு வாளி தண்ணி கொண்டருவார். மறைப்பும் இல்லை, கதவும் இல்லை. பெட்சீற்றை ரெண்டு கையாலையும் விரிச்சுப் பிடிச்சு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிப்பார், நான் குளிச்சு முடியுமட்டும். மருமகளுக்கு ஒரு மாமன் செய்யிற வேலையோ அது? ஒரு நாளும் கை நோகுது எண்டு சொன்னதில்லை.

திரும்பி வந்து அறுபது வயசிலை கரைவலை இழுத்துத்தான் டிலுசாவைப் படிப்பிச்சவர். அவள் இப்ப வவுனியாவிலை கம்பஸ் போறாள். சனிக்கிழமையிலை வந்தால் அவர்ர நகம் வெட்டி, பேப்பர் வாசிச்சுக் காட்டாமல் சாப்பிட மாட்டாள். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்து நாலு வருசம். குளிப்பாட்டுறது நான், கழுவிவிடுறது நான். அண்டைக்கு அவர் பிடிச்ச பெட்சீற்று இப்ப என்ர கையிலை, அவ்வளவுதான்.

நீர் ஒண்டும் செய்யேல்லை எண்டு நான் எங்கை சொன்னனான்? சில்லுக் கதிரை அனுப்பினனீர் தானே. அங்கை பாரும், அதிலை கோழி அடை கிடக்குது. இந்த மணலுக்கை சில்லு உருளுமோ எண்டு ஒருக்கால் கேட்டிருக்கலாம். பின்னேரத்திலை அவரை முதுகிலை போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போறது மெல்ரொன். வலை பொத்துற இடத்திலை இருத்திவிட்டால் மனுசன் சிரிச்சுக்கொண்டிருக்கும். மூண்டு வருசத்துக்கு முன்னம் மெல்ரொன் என்னைக் கேக்க, நான் ஏசிக் கலைச்சனான். எனக்குப் புருசன் இருக்கிறார் எண்டு சொன்னனான்.

இப்ப தாடிக்கு வாறன். காணாமல் போனதைக் கண்டுபிடிச்சுத் தாறவர் எண்டு அந்தோனியாருக்கு மாமா வைச்ச நேத்தி அது. றெஜி படலைக்குள்ளை கால் வைச்சால்தான் வழிக்கிறது எண்டு. நெஞ்சு மட்டும் வளந்து கிடந்தது. கிராம சேவகர் மூண்டு தரம் மரணம் பதியிற படிவத்தைக் கொண்டந்தவர். மூண்டு தரமும் மாமா பொல்லைத் தூக்கிக் கலைச்சவர்.

அப்பிடிப்பட்ட மனுசன்ர தாடியிலை நான் கை வைச்சனான் எண்டுதானே உமக்குக் கோவம். ஓம், நான்தான் வழிச்சனான். இந்தக் கையாலைதான்.

ஆனா சேட்டிபிக்கட் நான் எடுக்கேல்லை.

ஏன் முழிக்கிறீர்? அதிலை ஆர்ர விரலடையாளம் எண்டு வாசிச்சுப் பாக்காமலே பரிசிலை இருந்து ஓடி வந்தனீரோ? மாசி மாசம் நான் சந்தைக்குப் போன நேரம் பாத்து, டிலுசாவையும் கூட்டிக்கொண்டு ஓட்டோ பிடிச்சு மாமா பதிவுக் கந்தோருக்குப் போயிருக்கிறார். வலக்கை வராது. இடக்கைப் பெருவிரலை வைச்சிட்டு வந்து, கடதாசியை என்ர மடியிலை போட்டார். அவருக்குக் கதை குழறும், உமக்குத் தெரியும். அண்டைக்கு வடிவாச் சொன்னவர். என்ர பெடியன் செத்திட்டான் பிள்ளை, நீ சாகாதை எண்டு.

நீர் இப்ப எனக்குக் கத்தின மாதிரித்தான் நான் அவருக்குக் கத்தினனான். உங்களுக்கு என்ன உரிமை எண்டு கேட்டனான். ரெண்டு நாள் முகம் குடுக்கேல்லை. மூண்டாம் நாள் சவரக்கத்தியை என்னட்டை நீட்டிப்போட்டு அந்த மர வாங்கிலை இருந்தார். அழுதழுது வழிச்சதிலை ரெண்டு இடத்திலை வெட்டிப்போட்டன். மனுசன் அசையேல்லை.

உமக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர். நீர் தாங்க மாட்டீராம். என்னை ஏசினால் ஏசட்டும், நீ வாங்கிக்கொள் எண்டவர். நானும் காலமை துடக்கம் வாங்கினதுதான், இனி ஏலாது.

நில்லும், உள்ளை போய்ப் பிரயோசனமில்லை, அவர் பின்வளவிலை. உடுப்புக் கொடிக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நடந்து பழகுறார், ரெண்டு மாசமா உதுதான் வேலை. என்ர அப்பா சண்டையிலை செல் விழுந்து செத்தவரெல்லோ. நாளைக்குக் கோயிலுக்குள்ளை என்னைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறது மாமாதான்.

வானை எடுத்து அங்காலை விடும் தம்பி. மெல்ரொன் தூக்கப் போக, வேண்டாமாம். நாளைக்கு இந்தப் படலையிலை இருந்து கோயிலுக்கு நடந்துதான் வருவாராம்.