மூடாத கிட்டார் பெட்டி

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருநின்றவூர் ரயிலில் எதிர் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். இருவர் மடியிலும் நீளமாக ஒரு பெட்டி, அதற்குள் பழைய பேஸ் கிட்டார். மூடி மூடவில்லை.

"தலைய வெட்டிட்டா உள்ள போய்டும்யா" என்றாள் மனைவி. பக்கத்தில் இருந்தவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"நான் பொறக்கறதுக்கு முன்ன செஞ்ச கிட்டாருமே இது" என்றார் கணவர்.

"அது கட்டில்ல படுக்குது, நான் தரையில. பெட்டி மூடினாதான் ஊட்டுக்குள்ள வரும், இல்லாங்காட்டி உன் கூட்டாளிக்குக் குடுத்துடணும். நீதான ஒத்துகின?"

அவர் கிட்டாரைத் தூக்கி, அடியில் மெத்தையாகப் போட்டிருந்த சேலையை உருவினார்.

"அடப்பாவி, என் சேலை!"

இப்போது மூடி மூடியது. ஆனால் ரயில் குலுங்கியதும் உள்ளே டொக்கென்று இடித்தது. அவர் முகம் வாடிப்போனது.

"அடிபடுது பாரு, தொற" என்று அவளே சேலையை மடித்து அடியில் வைத்தாள். மூடி மறுபடி எழும்பி நின்றது. துப்பட்டாவை எடுத்துப் பெட்டியைச் சுற்றி இறுக்கினாள்.

"மூடலயேமே?" என்றார் பயந்துகொண்டே.

"கட்னாலும் மூடினதுதான். புடி, ஊட்டுக்குப் போலாம்."

அன்றைக்கே எழுத நினைத்தேன். எழுதியது ஆவணி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.