கோழிக்கு வைத்த ஜவ்வரிசி

அவைக்கு அழகு சேர்க்கும் அன்புத் தலைவர் திரு. கமலநாதன் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடு முறுவலிக்கும் மூத்தோரே! பிள்ளைகளைச் சுமந்தது போதாதென்று பேச்சாளர்களையும் சுமக்கும் தாய்மார்களே! பிரியாணிப் பாத்திரத்தின் பக்கமே பார்வை பதித்திருக்கும் பின்வரிசைப் பெருமக்களே! வணக்கம்.

என் மகளுக்கு நடக்கும் இந்தப் பாராட்டு விழாவில் தலைவர் என்னை "விஞ்ஞானி லோஷினியின் தந்தை ஹேமநாதன்" என்றார். பாதி உண்மை. மீதியை நானே சொல்லிவிடுகிறேன். அவள் கண்டுபிடிப்பைத் தின்ற முதல் விலங்கும் நான்தான்.

வயிற்றுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாவைச் சின்னச் சின்ன மணிகளுக்குள் அடைத்துக் கோழித் தீவனத்தில் கலப்பது என் மகளின் வேலை. நம் வீட்டுக் கோழிகளுக்கென்று ஒரு போத்தலைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக் களைத்து, நம் மாசாய் ஊர் வெயிலில் வெந்து வந்தவன் திறந்து பார்த்தேன். வெள்ளை வெள்ளையாய் உருண்டை. ஜவ்வரிசி! தேங்காய்ப்பாலும் குலா மெலாக்கா வெல்லப்பாகும் ஊற்றி, இரண்டாவது கிண்ணத்தில் இருந்தபோது அவள் வந்தாள்.

"அலமாக்! பா, அது கோழிக்குப்பா!"

"நல்லாத்தானே இருக்கு? செத்துடுவேனா?"

"ஒண்ணும் ஆகாது லா. முட்டை மட்டும் போட்டுடாதீங்க."

யார் அது, காளியப்பனா? "போட்டீங்களா அண்ணே?" என்றா கேட்கிறாய்? உனக்கு ஆம்லெட்டாகவே அனுப்புகிறேன், உட்கார்!

சபையோரே! பாக்டீரியாவுக்கு உறை எதற்கு? தீவன ஆலையின் நீராவி கொல்லும். அதில் தப்பினால் கோழியின் வயிற்று அமிலம் கொல்லும். இரண்டையும் தாங்கிக் குடல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது உறை. அமிலம் கோழி வயிற்றில் மட்டுமா சுரக்கிறது? நம் கல்யாணப் பந்தியில் சுரக்கவில்லையா? "கிருமியோட பொழங்குற பொண்ணா? நம்ம பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கப் போகுது!" என்றது எந்த அமிலம்? இன்று "நம்ம பொண்ணு" என்று மாலை போடுகிறதே, அது எந்த அமிலம்? நியூசிலாந்தில் வேலை கிடைத்ததும் "தனியாவா அனுப்புவீங்க?" என்று கண்ணை உருட்டியதே, அது எந்த அமிலம்?

அத்தனைக்கும் உறையாக நின்றவன் நான்! அவள் பஸ் ஏறினால் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் போனேன். ஆய்வகக் கூட்டத்தின் நடுவில் போன் போட்டு "சாப்பிட்டியா?" என்றேன். எப்பேர்ப்பட்ட உறை! எத்தனை கெட்டியான உறை!

அந்த நியூசிலாந்து வேலைக்கு நாளை அவள் பதில் சொல்ல வேண்டும். சில வாரங்களாக அவள் என் முகத்தைப் பார்க்கிறாள், நான் கோழிகளின் முகத்தைப் பார்க்கிறேன். நேற்று பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டேன்.

"உறை இன்னும் கெட்டியா இருந்தா நல்லதுதானே மா?"

"குடலுக்குப் போய்க் கரையணும்பா. கரையாட்டி வேஸ்ட்டு. உள்ள இருக்கிறது அப்படியே எச்சத்தோட வெளிய வந்துடும்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

பெற்றோரே! தாங்க வேண்டிய இடத்தில் தாங்குங்கள், கரைய வேண்டிய இடத்தில் கரையுங்கள்! நீராவியைத் தாங்கினோம், அமிலத்தைத் தாங்கினோம், அவள் போய்ச் சேர வேண்டிய இடம் வந்த பிறகும் இறுகி நின்றால் நாம் யாருக்குக் காவல்? லோஷினி, எழுந்து நில் மா. இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். நாளைக்குச் சரி என்று சொல்லிவிடு. போய்விட்டு வா!

கைதட்டிய கைகளுக்கும், பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், எனக்காக ஆறிக்கொண்டிருக்கும் பிரியாணிக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.

மேடைப் படியிறங்கியதும் அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்க நினைத்ததை அப்போதும் நான் கேட்கவில்லை:

கரையும்போது உறைக்கு வலிக்குமான்னு உங்க லேபுல யாராச்சும் பாத்தீங்களா மா?