டீசல் குழாயில பூந்த காத்து

திட்டுங்கையா, நல்லாத் திட்டுங்க. ஆனா திட்டிக்கிட்டே இஞ்சின்ல இருக்கிற அந்தக் கைப்பம்ப விடாம அமுக்குங்க. மேல, கீழ, அவ்ளோதான். ஆங், அப்படி. ஜிப்பாக் கைய மட்டும் மடிச்சு விட்டுக்குங்க, டீசல் கறை துவைச்சாலும் போகாது லா.

ஆறு மணிக்குள்ள போயிடலாமாவா? போயே ஆகணும். ஆறு அடிச்சா ரப்பர் தோட்டத்துக் காவக்காரன் முள்கம்பி கேட்ட இழுத்துப் பூட்டிருவான். அப்புறம் எமர்ஜென்சி கர்ஃபியூ, காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுங்களுக்குப் பயந்து. மாப்பிள்ளை பாக்க சிம்பாங் அம்பாட்லேருந்து பஸ் ஏறி வந்த பெரியவருன்னு சொன்னாத் தொறப்பானா? போன மாசம் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற பெரிய கிராணியவே விடியிற வரைக்கும் வெளிய நிக்க வச்சான்.

அதான் நாலு தடவை சொல்லிட்டீங்களே, இன்னைக்கு மாப்பிள்ளை மூஞ்சியப் பாக்கலன்னா நாளைக்கே அந்த மளிகைக் கடைப் பையனுக்கு வெத்தலை மாத்திருவேன்னு. அப்படியெல்லாம் அவசரப்படாதீங்கையா. பொண்ணு விஷயம்.

டாங்கி காலியாகுற வரைக்கும் எந்த மடையன் ஓட்டுவான்னு கேட்டீங்க. நியாயந்தான். நான் பெட்ரோல் வண்டியில பழகின ஆளு. அது நின்னுச்சுன்னா ஒரு போத்தல் ஊத்தி ரெண்டு தட்டு தட்டினாக் கெளம்பிரும். இது போன வாரம் டாக்சி மொதலாளி தவுக்கே வாங்கின டீசல் காரு. ரப்பர் லோரிக்காரன் குடுத்த டின்ன முழுசா ஊத்தியாச்சு, மொனகுதே தவிர கெளம்புதா பாருங்க? எல்லாம் இஞ்செக்‌ஷன் பண்ற வேலை. ஆமாங்க, ஆஸ்பத்திரியில குத்துற அதே பேருதான்.

பெட்ரோல் வண்டியில கார்புரேட்டர்னு ஒண்ணு இருக்கு. இஞ்சின் காத்த உறிஞ்சும்போது பெட்ரோலும் கூடவே இழுபட்டுப் போகும். எமர்ஜென்சிக்கு முன்னாடி கல்யாணப் பந்தியில சாம்பார் ஊத்துவாங்களே, இலையிலயும் விழும், வேட்டியிலயும் விழும், அந்த மாதிரி. இஞ்செக்‌ஷன் இப்ப நம்ம ரேஷன் கடை மாதிரி. இந்த வாய்க்கு இவ்ளோ, இந்த நேரத்துல, போ. பம்பு டீசல அளந்து, பலமா அமுக்கி, மெல்லிசான குழாயில அனுப்பும். நுனியில நாசில். டோபி வாயில தண்ணிய வச்சுக்கிட்டுத் துணிமேல ப்பூன்னு ஊதுவாரே, அப்படி ஊதும். உள்ள காத்து ஏற்கெனவே நசுங்கிக் கொதிச்சுக் கெடக்கா, பட்டதும் பத்திக்கும். பிளக்கும் கிடையாது, பொறியும் கிடையாது.

இதெல்லாம் உங்களுக்கு எதுக்கா? மாப்பிள்ளையும் டிரைவர்தானே, நாலு வார்த்தை பேச உதவும்.

தரகர் பிச்சைமுத்து வேற என்ன சொன்னாரு? பையன் குடிக்க மாட்டான், ஆத்தா பேச்சத் தட்ட மாட்டான்... அவன் ஓட்டுற வண்டி நடுரோட்டுல நின்னதே இல்லியா? அப்படியா சொன்னாரு? ம்ம். உன்னை மாதிரி இல்லடாங்கிறீங்க. சரிங்கையா, அமுக்குங்க.

நல்லதுன்னா, எண்ணெய் கம்மியாக் குடிக்கும். மழையில பிளக்கு நனைஞ்சு நிக்கிற தொல்லை இல்ல. மேட்டுல ஆறு பேரோட இழுக்கும். கெட்டதையும் ஒளிக்க மாட்டேன். விலை ஜாஸ்தி. ஜல்லி ஒடைக்கிற மாதிரி சத்தம். காலையில சூடு காட்டாம எந்திரிக்காது. தூசி போச்சுன்னா நாசில் அடைச்சுக்கும், டவுன் பட்டறைக்குத்தான் கொண்டு போகணும். எல்லாத்துக்கும் மேல, குழாயில காத்து பூந்துச்சுன்னாச் செத்துச்சு. டீசல அமுக்கினா நேரா நாசிலுக்குத் தள்ளும். காத்த அமுக்கினா, வேலைக்கு எழுப்பின சோம்பேறி மாதிரி சுருண்டு படுத்துக்கும். டாங்கி காஞ்சதும் உறிஞ்சினது பூரா காத்துதான். அத வெரட்டத்தான் இந்தப் பாடு.

இந்தா, காத்து வெளிய போற திருகாணியத் தளர்த்திட்டேன். நுரை வருது பாருங்க. நிறுத்தாதீங்கையா! நுரை நின்னு டீசல் மட்டும் வந்தாத்தான் இறுக்கலாம். ஐயயோ, மூஞ்சியில அடிச்சிருச்சா? கண்ண மூடுங்க, இந்தாங்க துணி. அதுல ஏற்கெனவே கிரீஸா? மன்னிச்சுக்குங்க. ஆனா மீசை நல்லாக் கறுத்து வயசு கொறைஞ்சிருச்சு.

நுரை நின்னுருச்சு! இறுக்கிட்டேன். தள்ளி நில்லுங்க... ஊம்... ஊம்... புடிச்சுக்கிச்சு! கேட்டீங்களா? கொஞ்ச முன்னாடி ஜல்லின்னு சொன்னேனே, இப்ப நாதஸ்வரமாட்டம் இல்ல? ஏறுங்க, ஏறுங்க. ஜாசின் தாண்டியாச்சு, கேட்டுக்கு நேரம் இருக்கு.

உள்ள போயி மாப்பிள்ளையோட அப்பா நாகமுத்து வீடு எதுன்னு யாரையும் கேக்க வேணாம். கோயிலுக்குப் பின்னால இருக்கிற லயத்து வீட்டு வரிசையில கடைசி வீடு. எப்படித் தெரியுமா? அங்கதானே தெனம் படுத்துத் தூங்குறேன். ஆத்தா ரேஷன்ல மிச்சம் புடிச்ச மாவுல பலகாரம் சுட்டு வச்சுக்கிட்டு, சம்பந்தி வர்ற நேரத்துல மகன் பெரியதம்பிய இன்னும் காணோமேன்னு வாசல்ல நிப்பாங்க. போற வழிதானேன்னு தவுக்கேதான் உங்களக் கடைசிச் சவாரியா ஏத்தி விட்டாரு. ஏறினதுமே சொல்லியிருப்பேன். நீங்க உங்க பொண்ணு சுசீலாவப் பத்திப் பேச ஆரம்பிச்சீங்க, கேக்க நல்லா இருந்துச்சு, டாங்கி முள்ளப் பாக்க மறந்துட்டேன்.

தரகர் சொன்னது எதுவும் பொய்யில்ல மாமா. நடுரோட்டுல நின்னதே இல்லைங்கிறதும் இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் உண்மைதான்.