கனவில் கேட்கும் குரல்

"வூட்டுல நான் ஆம்பள மாதிரி கட்டக் கொரல்லதான் பேசறேன்க்கா."

பங்காருப்பேட்டையில் ரயில் ஏறிய பெண் சொன்னாள். அவள் குரலோ மெல்லிசு. ஜன்னலோரம் அவள் புருஷன் தூங்கிக்கொண்டிருந்தார். அதற்குமேல் என் கையிலிருந்த பேப்பர் மண்டையில் ஏறவில்லை.

எதிரே இருந்த அக்கா காய்க்கூடையைக் காலடியில் தள்ளிவிட்டுக் கேட்டாள்: "இன்னாத்துக்கு?"

"இவரு இத்தினி வருசம் சுரங்கத்துல டிரில் புடிச்ச காது. வயசும் ஆவுது. ஷிப்ட் சங்கு கேக்குது, பக்கத்து வூட்டு ஆம்பளைங்க பேசறது கேக்குது. என் கொரலும் குருவி கத்தறதும் மட்டும் கேக்கல. மெல்லிசான சத்தம்தான் மொதல்ல போவுமாம், டாக்டர் சொன்னாரு."

"அய்யோ பாவம்."

"பாவமா? தூக்கத்துல சிரிக்கறாருக்கா. இன்னான்னு கேட்டா, கனவுல நான் பேசறேனாம். கல்யாணத்தப்ப இருந்த அதே கொரல்லயாம். இப்பல்லாம் வெளக்கு வெக்கறதுக்குள்ள பாய விரிச்சிடறாரு."

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. வெளியே தங்கச் சுரங்கத்தின் சயனைடு கழிவு மேடுகள் சாயங்கால வெயிலில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.

கோரமண்டல் ஸ்டேஷன் வந்தது. அவள் அவர் காதருகே குனிந்து, தன் சொந்தக் குரலில் ஏதோ சொன்னாள். அவர் அசையவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கட்டைக் குரலில் கூப்பிட்டாள்.

"எழுந்திருங்க, ஸ்டேஷன் வந்துடுச்சி."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"இப்பதான் நீ பேச ஆரம்பிச்சே. அதுக்குள்ள எழுப்பிட்டியே."