வளையத்துக்கு வெளியே இருந்தவர்

மூக்கில் மை தடவியது உண்மைதான். புகாரில் காது என்று எழுதியிருக்கிறார்கள், திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் நாயின் மூக்கு நுனியில் கடுகளவுக்கு ஒரு ரோஜா நிறப் புள்ளி உண்டு. மேய்ப்பு இனத்துக்கு அது ஒரு குறை என்று உங்கள் நாய் வளர்ப்போர் சங்கத்தின் கையேடே சொல்கிறது. அழியாத கறுப்பு மார்க்கர் ஒன்று வாங்கி இரண்டு முறை தடவினேன். முதல் முறை காய்வதற்குள் அவன் நக்கிவிட்டான். முதல் குற்றச்சாட்டு இத்துடன் முடிந்தது. விசாரணைக் குழு என்று மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், டீ ஆறுகிறது, குடியுங்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டைத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும். 'போட்டி வளையத்துக்கு வெளியே ஓர் ஆளை வைத்து நாயின் கவனத்தை ஈர்த்தது.' அதுவும் உண்மை. அந்த ஆள் என் அப்பா.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். வீட்டில் அப்பா, அக்கா, நான், நாய். அக்கா ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்ஸ். அப்பா முப்பத்தோரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். இரண்டு வருடமாக அவருடைய ஞாபகங்கள் ஸ்டாப் ஸ்டாப்பாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. அம்மா இறந்தது இறங்கிவிட்டது. எங்கள் பெயர்கள் இறங்கிவிட்டன. டிரைவர் மட்டும் சீட்டில் இருந்தார்.

நாயின் பதிவுப் பெயர் ஐந்து வார்த்தை. அதில் இரண்டு ஏதோ கோட்டையின் பெயர்கள், எங்கள் வீட்டில் யாருக்கும் வாயில் நுழையாது. எங்கள் தாத்தாவின் அப்பா பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாயின் ஏழு தலைமுறையை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருந்தேன். வீட்டில் நாங்கள் அவனைக் கூப்பிட்டது 'சூப்பர்வைசர்' என்று. சாப்பிடும் நேரத்தில் யாராவது வேறு அறையில் இருந்தால் போய் முழங்காலில் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டு வருவான். எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தால்தான் அவனால் படுக்க முடியும்.

அப்பா தெருவுக்கு நழுவினால் அவன்தான் திருப்பிக்கொண்டு வருவான். ஒருமுறை மார்க்கெட் வரை போய்விட்டவரை முக்கால் மணி நேரம் போராடி மடக்கி வந்தான். வாசலில் நின்று அப்பா மூச்சு வாங்கினார்.

"இந்த செக்கிங் இன்ஸ்பெக்டர் விடவே மாட்டேங்கிறான். டிக்கெட் இருக்குன்னு சொன்னாலும் கேக்கல."

"அப்பாவைப் பாத்துக்க ஆள் வைக்கணும்னு சொன்னியேடா," என்றாள் அக்கா. "லீவே கேக்காத ஆள், கையிலேயே இருக்கான் பாரு."

அவன் மேய்ப்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. உங்களுக்கே நினைவிருக்கும். போன வருடப் போட்டியில் வளையத்துக்குள் இருந்த ஏழு நாய், ஏழு உரிமையாளர், ஒரு நடுவர் எல்லாரையும் ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டான். மேய்ப்பு நாய்ப் போட்டியில் மேய்த்ததற்காக வெளியே அனுப்பப்பட்ட நாய் அவன் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். நடுவர் குறிப்பில் இன்னொன்றும் எழுதியிருந்தார்: 'உடலமைப்பு சிறப்பு. முகத்தில் உயிர் இல்லை. காதுகள் தூங்குகின்றன.'

வருடா வருடம் கோப்பை வாங்கும் ஒருவர் இருக்கிறார். எப்போதும் பின்பாக்கெட்டில் நாய்ச் சீப்பு இருப்பதால் எல்லாரும் அவரைச் சீப்பு அண்ணன் என்போம். என்னை ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னார்.

"தம்பி, இது மேய்க்கிற நாய்க்குப் போட்டி இல்ல. மேய்க்கிற மாதிரி நிக்கிற நாய்க்குப் போட்டி. ஆட்டைப் பாத்த மாதிரி காது தூக்கணும். ஆனா ஆடே வந்து மடியில உக்காந்தாலும் நகரக் கூடாது. புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. ஒரு டின்னில் கூழாங்கல் போட்டு வைத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் யாரையாவது சுற்றினால் டின்னைக் காதருகே குலுக்குவேன். முழங்காலில் முட்டினால் குலுக்குவேன். குரைத்தால் இரண்டு மடங்கு. 'நில்' என்றால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாளும் அடித்ததில்லை. நான்கு மாதத்தில் சுற்றுவது நின்றது, முட்டுவது நின்றது, குரைப்பது கடைசியாக நின்றது. பிறகு சாப்பாட்டு நேரத்தில் அவரவர் அவரவர் அறையில் இருந்தோம். அவன் கூடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

காது மட்டும் எழவில்லை. ஈரல் துண்டு காட்டினேன், கீச்சிடும் பொம்மையை அமுக்கினேன், நானே ஆடு மாதிரி கத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்களே தவிர வேறு பலன் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்வாசலில் அவனை நிறுத்திச் சீவிக்கொண்டிருந்தேன். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து கேட்டை நோக்கி நடந்தார். அவன் காதுகள் இரண்டும் எழுந்தன. கழுத்து நீண்டது. உங்கள் கையேட்டின் அட்டைப் படத்தில் இருக்கும் அதே முகம். 'நில்' என்றேன். நடுங்கிக்கொண்டே நின்றான். அப்பா பூட்டிய கேட்டை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். நாயின் முகம் பழையபடி தூங்கிவிட்டது.

அதன்பிறகு தினமும் பயிற்சி. அப்பாவை எழுப்புவது சுலபம். "ரூட்டுக்கு நேரமாச்சுப்பா," என்றால் போதும். உடனே சட்டைப் பையைத் தொட்டு லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்.

"எத்தனை மணி வண்டி?"

"நாலு பத்துப்பா."

"அடடா, ஜனம் காத்திருக்குமே."

கேட் வரை போவார், ஆட்டுவார், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்புவார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அவருக்கு ஒவ்வொரு தடவையும் முதல் தடவை என்பதால் சலிப்பே இல்லை. அதே அவசரம், அதே கவலை. சலித்தது எனக்குத்தான். ஆனாலும் விடவில்லை. விடாமுயற்சி என்று இதைத்தானே சொல்கிறார்கள்.

ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்ட அக்கா, கேட்டுக்கு வெளியே நின்று நாலைந்து சுற்றுகளைப் பார்த்துவிட்டாள்.

"அப்பாவை என்னன்னுடா நினைச்சே? பொம்மைன்னா?"

"நடந்தா நல்லதுன்னு உங்க டாக்டரே சொன்னாருக்கா."

"நேத்து பின்கதவு வழியா தெருவுக்குப் போயிட்டார், தெரியுமா? முந்தின மாதிரி இவன் பின்னால ஓடல. படியில நின்னு பாத்துட்டே இருக்கான். சிலை மாதிரி."

"சிலை மாதிரியா? எவ்வளவு நேரம்க்கா?"

அக்கா உள்ளே போய்ப் பின்கதவுக்கும் பூட்டுப் போட்டாள். நான் அக்கறையோடுதான் கேட்டேன்.

போட்டி நாள் சனிக்கிழமை. அக்காவுக்குப் பகல் டியூட்டி. அவளுடைய ஆஸ்பத்திரி மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான். அப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, பழைய காக்கிச் சட்டையைப் போட்டுவிட்டு அவரைக் கூட்டிவந்தேன். சட்டையைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். பட்டனைத் தானே போட்டுக்கொண்டார். வளையத்தின் கயிற்றை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். அங்கிருந்து மைதானத்தின் வாசல் இருபது முப்பது அடி.

வாசல் திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை என்று போலீஸில் சொன்னேன். கவனித்தேன். நாய்களும் வண்டிகளும் வந்துபோகிற இடம், பூட்டியா வைத்திருப்பார்கள்? ஆனால் வீட்டில் நூற்றுக்கணக்கான தடவை அவர் கேட் வரை போய்த் திரும்பியிருக்கிறார். திரும்புவது அவருக்குப் பழகிவிட்டது என்றுதான் கணக்குப் போட்டேன். அவரைத் திருப்பியது பூட்டு என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நடுவர் எங்களிடம் வந்தபோது மூன்று மணி. நான் தலையைத் திருப்பாமல், "நேரமாச்சுப்பா," என்றேன். புகார் கொடுத்த பெண்மணி பக்கத்தில் நின்றதால் அது அவர் காதில் விழுந்திருக்கிறது. அவருக்கு நல்ல காது. அப்பா எழுந்தார். பையைத் தொட்டுப் பார்த்தார். "வரேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

சூப்பர்வைசரின் காதுகள் எழுந்தன. நடுவர் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். "இதுதான். இந்த முகம்தான் வேணும்," என்றார். ரசித்தபடி இரண்டு சுற்று வந்தார். அப்பா வாசலைத் தாண்டி இடது பக்கம் திரும்பியது எனக்குத் தெரிந்தது. நாயின் தொண்டையில் மிகச் சிறியதாக ஒரு சத்தம் வந்தது. கழுத்துப்பட்டையில் விரலை வைத்து அழுத்தினேன். நின்றுவிட்டது. அந்த நிமிடத்தில் எடுத்த படத்தைத்தான் உங்கள் மாத இதழின் அட்டையில் போட்டிருக்கிறீர்கள். 'தொலைதூர மந்தையை நோக்கும் பார்வை' என்று கீழே எழுதியிருக்கிறது. எழுதியவருக்குப் பாராட்டுகள். மந்தையில் ஒரே ஒருத்தர்தான் இருந்தார்.

மற்றதை பஸ் டிரைவரின் வாக்குமூலத்தில் படித்தேன். சிக்னலில் நின்றிருந்தபோது காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாராம். "இறங்குப்பா, இது என் ட்ரிப்பு. நாலு பத்து வண்டி." "நீங்க யாருங்க பெரியவரே? தள்ளுங்க, விழுந்திடுவீங்க." பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், டிரைவர் மெதுவாகத்தான் நகர்த்தினாராம். அப்பா கைப்பிடியை விடவில்லை. தன்னுடைய வண்டியை யார்தான் விடுவார்கள்?

போலீஸ் விபத்து என்று எழுதி முடித்துவிட்டது. அவர்கள் என்னிடம் கேட்டது, பெரியவர் எப்படித் தனியாகப் போனார் என்று மட்டும்தான். வெளியே ஆளை நிறுத்தி நாயை ஏமாற்றினாயா என்று கேட்டது உங்கள் குழு ஒன்றுதான். சரியான கேள்வி. ஆனால் முதல் சுற்றோடு நிறுத்திவிட்டீர்கள். நடந்தது அதற்குள் முடிந்துவிடவில்லை, அதனால் மிச்சத்தை நானே சொல்கிறேன்.

எங்கள் இனத்தில் முதலிடம் அறிவித்தபோது மூன்றே கால். எல்லா இனங்களின் வெற்றியாளர்களும் மோதும் கடைசிச் சுற்று நாலு மணிக்கு. நடுவில் முக்கால் மணி நேரம். நாற்காலி காலி. சூப்பர்வைசர் வாசல் பக்கமாகவே இழுத்துக்கொண்டிருந்தான். நான் போய்ப் பார்த்திருக்கலாம். வாசலுக்கு வெளியே ஒரு டீக்கடை இருக்கிறது, அங்கே உட்கார்ந்திருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். அவனுக்கு வாயோர எச்சிலைத் துடைத்து, மறுபடி சீவி, 'நில்' என்றேன். நின்றான்.

மூன்று நாற்பதுக்கு அக்கா போன் செய்தாள்.

"அப்பா எங்கடா?"

பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன். "கூட்டிட்டு வந்துட்டேன்க்கா, கோவிச்சுக்காதே. இங்கதான் இருக்கார், பக்கத்துல."

"போனை அவர்கிட்ட குடு."

"தூங்கிட்டார்க்கா."

போனில் அவளுக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சர் சக்கரச் சத்தம், யாரோ பேசுவது எல்லாம் கேட்டது. அவளுடைய வேலையிடம்தானே என்று விட்டுவிட்டேன். "சரி," என்று வைத்துவிட்டாள்.

அப்பாவை அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோயிருந்தார்கள். மூன்று நாற்பதுக்கு அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். நினைவு இருந்தது. 'தம்பி ஏறிட்டானா? அவன் ஏறட்டும், எடுத்திடலாம்' என்றே கேட்டுக்கொண்டிருந்தாராம். என்னை அடையாளம் தெரியாமல் போய் ஒரு வருடமாகியிருந்தது. என் பெயர் கூட அவருக்கு நினைவில்லை, 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு மட்டும், பழையபடி, தம்பி. அதனால்தான் என்னை வரச் சொல்ல அக்கா போன் செய்திருக்கிறாள். போனை வைத்துவிட்டு அவரிடம், "ஏறிட்டான்ப்பா, எடுங்க," என்று சொல்லியிருக்கிறாள். நாலரைக்கு முடிந்தது. கடைசிச் சுற்றில் எங்களுக்கு இரண்டாமிடம்.

இதையெல்லாம் அக்கா ஒரே ஒரு தடவை சொன்னாள், குரலை உயர்த்தாமல். மறுநாள் நாயைக் கூட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். நீங்கள் கோப்பையைத் திரும்பக் கேட்டால் தந்துவிடுகிறேன். தடை விதித்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் குறிப்பில் சேர்த்துக்கொண்டால் நல்லது. அந்த முக்கால் மணி நேரமும் நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். அவன் ஒரே ஒரு தடவை குரைத்திருந்தால், போட்டியாவது ஒன்றாவது என்று எழுந்து ஓடியிருப்பேன்.