பக்கிரியிடம் குறைந்த புரதம்

பக்கிரி: ...அந்த எலி இன்னா ஆச்சு பாப்பா? செத்துப்போச்சா?

கார்த்யாயினி: எந்த எலிண்ணே?

பக்கிரி: போன தடவ ஒன் ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்கறப்ப சொன்னியே. ஏதோ புரோட்டீனு ஜாஸ்தியா இருந்த எலி. ரொம்ப நாளு உசுரோட இருந்துச்சுன்னு...

கார்த்யாயினி: அது வெளிநாட்டு எலி. நான் படிச்சதுதான். கைய நீட்டுங்க.

பக்கிரி: பேரு இன்னா சொன்ன? கொளத்தூரா?

கார்த்யாயினி: குளோத்தோ.

பக்கிரி: எனக்கு அது எவ்ளோ இருக்கு?

கார்த்யாயினி: கொறஞ்சுபோச்சுண்ணே. அதச் செய்யறதே கிட்னிதான். கிட்னி கெட்டா அது கொறையும். அது கொறஞ்சா கிட்னி இன்னும் கெடும்.

பக்கிரி: நல்ல சிநேகிதம். இருந்தா இன்னா பண்ணும்?

கார்த்யாயினி: உள்ள செல்லுக்கு செல்லு சேதி போயிக்கிட்டே இருக்கும். "தழும்பு போடு, தழும்பு போடு"ன்னு ஒரு கெட்ட சேதி வரும். இது நடுவுல நின்னு மறிச்சிடும்.

பக்கிரி: மீன்புடி போட்டுல வாக்கி டாக்கியில கண்டதப் பேசுறவன் வாய அடைக்கிற மாதிரி...

கார்த்யாயினி: அதேதான்.

பக்கிரி: சரி. எம் பொண்டாட்டி பூவம்மா இப்ப வருவா. அந்த புரோட்டீனு அடுத்த வருசம் ஊசியா வந்துடும்னு சொல்லிடு.

கார்த்யாயினி: வராதேண்ணே.

பக்கிரி: வரும்னு சொன்னா எலியா வந்து கேக்கப்போவுது?

கார்த்யாயினி: பொய்யெல்லாம் சொல்ல மாட்டேன். எதுக்கு?

பக்கிரி: அவ கிட்னி எனக்குப் பொருந்துது. பொருந்தலன்னு சொல்லி வச்சிருக்கேன். ஆறு மாசமாவுது. இப்ப ஒரு வாரமா, மறுபடி டெஸ்ட்டு எடுக்கலாம்னு நிக்கிறா.

கார்த்யாயினி: ஏண்ணே அப்புடி...

பக்கிரி: தானே புயல்ல எங்க போட்டு ஒடஞ்சுபோச்சு. கடலூருல அவ மீன் கூடைய தூக்கித்தான் வூட்டுல ஒல கொதிக்குது. அவளையும் அறுத்துப் படுக்க வச்சுட்டா... உஸ். வரா.

பூவம்மாள்: இன்னா உஸ்ஸு?

பக்கிரி: ஊசி குத்திச்சு.

பூவம்மாள்: ரெண்டு வருசமா குத்துறாங்க. இன்னிக்குத்தான் வலிக்குதா? பாப்பா, இந்த புரோட்டீன ஊசியா போடப்போறாங்கன்னு சொல்றாரு. எப்ப வரும்?

கார்த்யாயினி: ...பத்து வருசம் ஆவலாம்க்கா. வராமலும் போவலாம்.

பக்கிரி: நல்லாப் படிக்கவச்சிருக்காங்க.

பூவம்மாள்: நீ கம்முனு இரு. நோவு இல்லாத ஆளும் வேணும்னு எங்கிட்டயும் ரத்தம் எடுத்தியே பாப்பா... எனக்கு அது எவ்ளோ இருக்கு?

கார்த்யாயினி: நல்லா இருக்குக்கா.

பூவம்மாள்: எங் கிட்னிய இவருக்கு வச்சா?

கார்த்யாயினி: புதுக் கிட்னி அதத் திரும்பச் செய்யும்னுதான் சொல்றாங்க.

பக்கிரி: அதான் பொருந்தலயே!

பூவம்மாள்: இந்தா பாரம். மேல டாக்டரப் பாத்து நான் கையெழுத்து போட்டுட்டேன். சென்னையில ஆப்பரேசன். இங்க நீ போடணும்.

பக்கிரி: ...அவரு சொல்லிட்டாரா?

பூவம்மாள்: பொருந்துதுன்னு எனக்குத் தெரியும்யா. நீயா சொல்லுவியான்னுதான் மறுபடி டெஸ்ட்டுன்னேன்.

பக்கிரி: ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா? நம்ம பொண்ணு மோகனப்பிரியாவ யாரு பாக்குறது?

பூவம்மாள்: ஒனக்கு ஆனா மட்டும்? காலையில மாடிப்படி ஏறுறதுக்குள்ள மூணு எடத்துல ஒக்காந்த.

பக்கிரி: ரெண்டு எடம்.

பூவம்மாள்: மூணு. போடு.

பக்கிரி: ...பேனா குடு பாப்பா.

கார்த்யாயினி: இந்தாங்கண்ணே. இந்தக் கோட்டுக்கு மேல.

பக்கிரி: போட்டாச்சு. எப்பத் தெரிஞ்சிது ஒனக்கு?

பூவம்மாள்: நீ வந்து பொய் சொன்ன மறுநாளே. டாக்டரு போன் பண்ணாரு.

பக்கிரி: அடிப்பாவி... ஆறு மாசமா ஏன் வாயத் தொறக்கல?

பூவம்மாள்: பயம்யா. பொருந்தலன்னு நீ வந்து சொன்னப்ப... எனக்கு நிம்மதியா இருந்துச்சு.