பேட்டரிக்கு வச்ச பரீட்சை

— மெயின மறுபடி போட்டுடவா மேடம்? காலைலேர்ந்து வெளி கரண்டு ஒரு சொட்டுகூட உள்ள வரல. மாடில சோலார் லைனையும் கழட்டச் சொல்லிட்டீங்க. தனி ஆளா நம்ம பேட்டரிதான் வீட்ட இழுத்துக்கிட்டிருக்கு. அப்பவும் பாதிக்கு மேல மிச்சம். சிங்கம் மேடம் இது. ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்.

— இருங்க தம்பி. சாயந்தரம் வரைக்கும்னுதானே பேச்சு. உங்க சிங்கம் சாயந்தரம் எப்படி நடக்குதுன்னு பாத்துட்டுப் போடறேன்.

— விக்கறவரே பாஸுங்கறாரு அம்மாடி. வாங்கற நீ எதுக்கு இழுக்கறேங்கறேன்.

— விக்கறவர் பாஸுன்னுதான் சொல்வாரு மாமா. நான் கோழிக்குஞ்சு விக்கறவ. என் குஞ்செல்லாம் நோஞ்சான்னு என்னிக்காவது சொல்லியிருக்கேனா?

— பெரியவரே, உங்க மருமகளை எங்க கம்பெனில டெஸ்டிங்குக்கு வேலைக்கு வச்சுக்கலாம் போலிருக்கே.

— வேண்டாம்ப்பா. ஒரே வாரத்துல உங்க கம்பெனிய மூட வேண்டியிருக்கும்.

— சிரிங்க, நல்லா சிரிங்க. போன மழைல ராத்திரி முழுக்க கரண்டு இல்லாமப் போனப்ப யாரும் சிரிக்கல. தம்பிக்கு அது தெரியாது. ரெண்டு இன்குபேட்டர் நெறைய முட்டை. மறுநாள் பொரியணும். பொரியறதுக்கு முன்னாடி குஞ்சு முட்டைக்குள்ளயே கத்தும், கேட்டிருக்கீங்களா? காதுல வச்சாக் கேக்கும்.

— கேட்டதில்ல மேடம்.

— நான் கேட்டேன். அன்னிக்கு சாயந்தரம் எல்லாத்துலயும் சத்தம். ராத்திரி கம்பளியப் போத்தினேன், வெந்நீர் பாட்டில வச்சேன், என்னென்னவோ பண்ணேன். விடிஞ்சதும் ஒவ்வொண்ணா எடுத்துக் காதுல வச்சேன். ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம்தான் உங்க கம்பெனிக்கு போன் பண்ணேன். மாட்டிப் பாருங்க, பிடிக்கலன்னா கழட்டிட்டுப் போறோம்னு சொன்னீங்க. அதனால இன்னிக்கு, ராத்திரி இந்த வீட்ல என்னென்ன ஓடுமோ அத்தனையும் ஓடணும். ரெண்டு இன்குபேட்டர், குஞ்சு ரூம் பல்பு, பிரிட்ஜ், ஃபேன், மாமா ரூம் டிவி. அத்தனையையும் தாங்கினாத்தான் தாங்கினது. எங்க, உங்க போனக் காட்டுங்க. அதுல ஒரு கோடு வருமே.

— இந்தாங்க. பச்சைக் கோடு பேட்டரில இருக்கற மிச்சம். சிவப்பு, வீடு இழுக்கற கரண்டு.

— சிவப்பு ஏன் படிக்கட்டு மாதிரி இறங்கிக்கிட்டே வருது?

— லோடு கொஞ்சம் கொறஞ்சிருக்கும் மேடம். அது சகஜம்தான்.

— எப்படிக் கொறையும்? நான் எதையும் அணைக்கலையே. மாமா?

— ஆளில்லாத ரூம்ல ஃபேன் எதுக்குங்கறேன். சொவர்ல தொங்கற காலண்டருக்கா வேர்க்குது?

— இன்னிக்கு ஒரு நாள் எந்த சுவிட்சையும் தொடாதீங்கன்னு காலைலதானே தலையால அடிச்சுக்கிட்டேன்.

— கைப்பழக்கம் அம்மாடி. உன் மாமியார் சமையக்கட்டுல நின்னுக்கிட்டிருக்கறப்பவே லைட்ட அணைச்சுட்டு வந்து திட்டு வாங்கினவன் நான். வேணும்னா உன் புருஷனக் கேளு, கதை கதையாச் சொல்லுவான்.

— சரி, ஃபேன் பழக்கம். குஞ்சு ரூம் பல்பு?

— பட்டப்பகல்ல பல்பு எதுக்கு?

— அது வெளிச்சத்துக்கு இல்ல, சூட்டுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? ராத்திரி எழுந்து அது எரியுதான்னு எட்டிப் பாக்கறதே நீங்கதான். நல்லவேளை, இப்ப அங்க குஞ்சு இல்ல. டிவி?

— பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

— நியூஸ் ஓடலன்னா உங்களுக்கு மதியம் ஒரு வாய் சோறு இறங்காதே.

— மேடம், பெரியவர விட்டுடுங்க. சிக்கனம் நல்லதுதானே. நம்ம பேட்டரி மேல ஒரு தப்பும் இல்ல.

— உங்க பேட்டரிய நான் ஒண்ணும் சொல்லல தம்பி. இந்தக் கடைசிப் படியப் பாருங்க, மத்ததவிட பெருசா இருக்கு. என்னோட வாங்க. மாமா, நீங்க உக்காருங்க.

— எங்க போறே? சமையக்கட்டுல ஒண்ணும் இல்ல.

— நான் சமையக்கட்டுக்குப் போறேன்னு சொல்லவே இல்லையே மாமா.

— மேடம், பிரிட்ஜத் தொறந்தா உள்ள லைட் எரியல. ஆனா சுவிட்ச் ஆன்லதான் இருக்கு.

— பின்னாடி பாருங்க.

— பிளக் கீழ கெடக்கு மேடம். தரையில பிரிட்ஜ இழுத்த தடம் வேற இருக்கு.

— மாமா, இங்க வாங்க. மெதுவா, சொவரப் புடிச்சுக்கிட்டு வாங்க. இந்த பிரிட்ஜ நகர்த்த ரெண்டு ஆள் வேணும். இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் குடத்தக்கூடத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்ன ஆள் நீங்க. உள்ள இருந்த குஞ்சுத் தடுப்பு மருந்து எங்க?

— ஐஸ் டப்பால இருக்கு. கெடாது. சுத்தியும் ஐஸ் வச்சிருக்கேன்.

— அப்ப முதல்ல மருந்து கெடக்கூடாதுன்னு யோசிச்சிருக்கீங்க. அதுக்கு ஐஸ் வச்சிருக்கீங்க. அப்புறம் பிரிட்ஜ நகர்த்தி, பிளக்கப் புடுங்கி, சுவிட்ச மட்டும் நான் பாத்தா தெரியாத மாதிரி ஆன்லயே விட்டிருக்கீங்க. இதுவும் கைப்பழக்கமா?

— இல்ல.

— பின்ன?

— பேட்டரி தோத்துடக் கூடாதுன்னுதான்.

— பேட்டரி தோத்தா உங்களுக்கு என்ன மாமா?

— தோத்தா நீ போயிடுவே. இன்னிக்குக் காலைல நீ போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. உன் புருஷன் வேலை பாக்கற இடத்துக்குப் பக்கத்துல ஒரு வீடு. அங்க கரண்டே போகாதாம். சாயந்தரம் பதில் சொல்றேன்னு அந்த வீட்டுக்காரர்கிட்ட சொன்னே. பேட்டரி பாஸானா இங்க, பெயிலானா அங்க. இதுகூடவா எனக்குப் புரியாது? ஷெட் எவ்வளவு அகலம்னு கேட்டே. தண்ணி வருமான்னு கேட்டே. லாரி உள்ள வருமான்னு கேட்டே. எனக்கு ஒரு ரூம் இருக்கான்னு மட்டும் நீ கேக்கல.

— மேடம், நான் கொஞ்சம் வெளில நிக்கட்டுமா?

— நீங்க எங்கயும் போக வேண்டாம். இந்தக் கோடு இறங்கறத காலைலேர்ந்து போன்ல பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?

— பாத்தேன். பெரியவர் பிளக்கப் புடுங்கினது சத்தியமாத் தெரியாது. ஆனா லோடு கொறையறது தெரிஞ்சுது. இந்த மாசம் நான் ஒரு பேட்டரிகூட விக்கல மேடம். வாய மூடிக்கிட்டேன்.

— நல்ல ஜோடி. ரெண்டு பேருமா சேந்து பரீட்சை பேப்பரையே மாத்தி எழுதியிருக்கீங்க. மாமா, உங்க பேச்ச நம்பி நான் கையெழுத்து போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? அடுத்த மழைல பாதி ராத்திரிக்கு பேட்டரி படுத்திருக்கும். விடியறப்ப நான் மறுபடி முட்டையக் காதுல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். நான் கிளம்பறதுன்னா அன்னிக்குத்தான் கிளம்பியிருப்பேன். எனக்கு வர்ற கோவத்துக்கு உங்களை என்ன பண்றதுன்னே தெரியல.

— திட்டு. வாங்கிக்கறேன்.

— திட்ட நேரம் இல்ல. தம்பி, சிங்கம் புலியெல்லாம் விட்டுட்டு உண்மையச் சொல்லுங்க. எல்லாம் ஓடினா இது எதுவரைக்கும் தாங்கும்?

— நடு ராத்திரியத் தாண்டாது மேடம். விடியற வரைக்கும்னா ரெண்டு பேட்டரி வேணும். ரெண்டுன்னு சொன்னா விலையக் கேட்டுப் பயந்துடுவீங்கன்னு ஒண்ணே போதும்னு சொல்லிட்டேன்.

— இன்குபேட்டருக்கும் குஞ்சு ரூமுக்கும் மட்டும் தனி லைன் இழுத்து, அத மட்டும் இந்த பேட்டரில கொடுத்தா?

— அப்ப விடியற வரைக்கும் தாராளமா நிக்கும். ஆனா கரண்டு போனா வீட்ல ஒரு ஃபேன்கூடச் சுத்தாது. பிரிட்ஜ், டிவி எல்லாமே அவுட்.

— மாமா, ராத்திரி ஃபேன் இல்லாம வேர்த்துக் கெடப்பீங்களா?

— இன்னிக்குப் பூரா எப்படிக் கெடந்தேன்? சட்டையத் தொட்டுப் பாரு.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பிழிஞ்சா ஒரு சொம்பு தேறும். தம்பி, தனி லைன் இழுங்க. இன்னிக்கே ஆரம்பிங்க. நாளைக்கு மறுபடி முதல்லேர்ந்து பரீட்சை. இந்தத் தடவை மாமா என் பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. தாங்கலன்னா நீங்க கழட்டிட்டுப் போகலாம், நான் வேற கம்பெனியப் பாத்துக்கறேன். தாங்கற பேட்டரி கெடைக்கற வரைக்கும் விடமாட்டேன்.

— இழுத்துடறேன் மேடம். நீங்க சொன்ன மாதிரியே.

— நாளைக்குத்தான் பரீட்சைன்னா, இன்னிக்கு சாயந்தரம் அந்த வீட்டுக்காரருக்கு என்னம்மா பதில் சொல்லுவே?

— அதுக்கு முன்னாடி நீங்க எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. இன்குபேட்டரத் தொட்டீங்களா?

— அணைக்கல.

— நான் கேட்டது, தொட்டீங்களான்னு.

— சுவிட்ச் மேல கைய வச்சேன். அதுல ஒண்ண அணைச்சிருந்தா இன்னும் ரொம்ப நேரம் இழுத்திருக்கும். போன மழைக்கு அப்புறம் நீ முட்டையே வாங்கலையே, காலி மெஷினுக்கு எதுக்கு சூடுன்னுதான் போனேன். ஆனா அன்னிக்கு அந்த மெஷின் முன்னாடி நீ முட்டையக் காதுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தே பாரு, அது கண்ணு முன்னாடி வந்துச்சு. காலிதான்னு தெரிஞ்சும் கை வரல.

— காலி மெஷின வச்சுப் பரீட்சை பண்ற ஆளா மாமா நான்? அந்த வீட்டுக்காரர் போன் பண்றதுக்கு முன்னாடியே, இன்னிக்கு விடியக்காலைல, நீங்க தூங்கிக்கிட்டிருக்கறப்ப, ரெண்டு மெஷின் நெறைய முட்டை அடுக்கிட்டேன். அகலமும் தண்ணியும் உங்க பையன் கேக்கச் சொன்னாரு, கேட்டேன். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வேண்டாம்னுடலாம்னுதான் சாயந்தரம்னு சொன்னேன். அடுக்கின முட்டைய விட்டுட்டு நான் எங்கயும் போறதா இல்ல. போகாத வீட்ல உங்களுக்கு ரூம் இருக்கான்னு எதுக்குக் கேக்கணுங்கறேன்.